சிரிப்புக்குள் நிற்கும் பெருமிதம்: ஆர்தர் லோவின் நடிப்பு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த வடிவம்)



நடிப்புக் கலை பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் துன்பியல் நடிகர்களையே எடுத்துக்கொள்கிறார்கள். அழ வைப்பவன் கலைஞன், சிரிக்க வைப்பவன் கேளிக்கைக்காரன் என்ற பாகுபாடு நம் பாடத்திட்டங்களிலும் ஊறிப்போயிருக்கிறது. அந்தப் பாகுபாடு தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இன்று ஒரு நகைச்சுவை நடிகரைப் பற்றிப் பேசுகிறேன்.

பிரிட்டிஷ் நகைச்சுவை என்றதும் நம்மவர்களுக்குச் சார்லி சாப்ளினும் மிஸ்டர் பீனும் நினைவுக்கு வருவார்கள். இருவரும் உடலால் பேசியவர்கள், ஆகவே மொழி தடையாக இருக்கவில்லை. ஆர்தர் லோ அந்த அளவுக்கு இங்கே அறிமுகமாகவில்லை. அவருடைய கலை குரலின் ஏற்ற இறக்கத்திலும், ஒரு நொடி மௌனத்திலும், இங்கிலாந்தின் வர்க்க நுணுக்கங்களிலும் குடியிருந்தது. அந்த நாட்டில் அவர் முகம் தெரியாத வீடு அநேகமாக இல்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைச் சொல்கிறார். பெருமிதம் பிறக்கும் களங்களாகக் கல்வி, தறுகண், புகழ்மை, கொடை என்ற நான்கைச் சொல்கிறார். எட்டு மெய்ப்பாடுகளில் இவை இரண்டும் தனித்தனி. ஒன்று நம்மைச் சிரிக்க வைக்கும், மற்றது தலைநிமிர வைக்கும். ஆர்தர் லோ இவ்விரண்டையும் ஒரே உடலில், ஒரே கணத்தில் நிறுத்திக் காட்டினார். தான் ஏற்ற மனிதனின் பெருமிதத்தை அவர் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. அதனால்தான் அந்த மனிதனைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்கிறவர்களாலும் அவனை இகழ முடிவதில்லை. இதுவே என் கருத்து. இதை ஆறு கூறுகளாக உங்கள் முன் வைக்கிறேன்.

1. பயிற்சி: பத்து நிமிட வேடத்துக்கும் ஒரு முழு மனிதன்

ஆர்தர் லோ 1915 செப்டம்பர் 22 அன்று டெர்பிஷயர் மாவட்டத்தின் ஹேஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். தந்தை ரயில்வே ஊழியர். நாடகக் குழுக்களைச் சிறப்பு ரயில்களில் ஊர் ஊராக அனுப்பி வைக்கும் ஏற்பாடுகளைக் கவனித்தவர். மகனுக்கோ வணிகக் கப்பலில் சேரும் ஆசை. கண்பார்வை இடம் கொடுக்கவில்லை. தொழிற்சாலை வேலைக்குப் போனார். இரண்டாம் உலகப் போர் மூண்ட காலத்தில் ராணுவத்தில் சேர்ந்து மத்தியக் கிழக்கில் பணியாற்றினார். அங்கே சிப்பாய்களின் பொழுதுபோக்குக்காகப் போடப்பட்ட நாடகங்களில்தான் நடிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது.

1945-ல் மான்செஸ்டரின் ஹியூம் ஹிப்போட்ரோம் அரங்கில் தொழில்முறை நடிகரானார். அவர் சேர்ந்தது ரெபர்ட்டரி எனப்படும் நிலையக் குழு முறையில். ஒரே குழு, வாரத்துக்கு ஒரு நாடகம். இரவில் இந்த வார நாடகம், பகலில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை. இந்த வாரம் நீதிபதி, அடுத்த வாரம் சமையற்காரர், அதற்கடுத்த வாரம் கொலையாளி. முப்பது வயதில் ஒருவர் அறுபது வயது முதியவராக மேடையேற வேண்டியிருக்கும்.

இந்த முறைக்குக் குறைகள் உண்டு. அவசரத்தில் பலர் இரண்டு மூன்று தயார் முகங்களை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுவார்கள். லோ அதே அவசரத்திலிருந்து வேறொன்றைக் கற்றார். ஒரு மனிதனை விரைவாகக் கண்டுபிடிக்க வேண்டுமானால், அவன் எதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறான் என்று கண்டால் போதும். சிலருக்கு அது பணம், சிலருக்கு ரகசியம். லோ ஏற்ற மனிதர்களில் பெரும்பாலோருக்கு அது மரியாதை. 1949-ல் வந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்’ படத்தின் முடிவில் சிறிது நேரமே வரும் பத்திரிகை நிருபர் அவர்தான். அந்தச் சில நொடிகளிலும் தன் வேலையைப் பெரிதாக மதிக்கிற ஒரு மனிதன் நம் முன் நிற்கிறான்.

2. முதல் முகம்: ஜவுளிக்கடை லெனார்டு ஸ்விண்ட்லி

1960 டிசம்பரில் ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. வட இங்கிலாந்தின் உழைக்கும் மக்கள் வாழும் ஒரு தெருவின் கதை. அதில் ஜவுளிக்கடை நடத்தும் லெனார்டு ஸ்விண்ட்லியாக லோ வந்தார். கடையில் மேலாளர், ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக் கூடத்தில் பிரசங்கி, சமயம் வாய்த்தால் உள்ளூர்த் தேர்தல் வேட்பாளர். தெருவில் யாரும் அவரைத் தலைவராக ஏற்றதில்லை. அவரோ தன்னைத் தலைவராகவே கருதி நடந்துகொண்டார்.

கடையில் உடன் பணிபுரிந்த எமிலி நியூஜென்ட், 1964-ல் ஸ்விண்ட்லியை மணக்க முன்வருகிறார். திருமண நாளன்று அவரே மனம் மாறிவிடுகிறார். நாற்பதைத் தாண்டிய, பருத்த, கறாரான ஒரு கடைக்காரர் மணக்கோலத்தில் கைவிடப்படுகிற காட்சியைக் கேலிக்கூத்தாக்குவது மிக எளிது. லோ அந்த வழியில் போகவில்லை. அவமானம் தாக்கியபோதும் பிறர் முன் நிலைகுலையக் கூடாது என்று தன்னைத் திரட்டிக்கொள்ளும் மனிதனையே காட்டினார்.

ஸ்விண்ட்லி மக்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனதால், அந்தப் பாத்திரத்தை மட்டும் பிரித்தெடுத்து 1965-ல் ‘பார்டன் தி எக்ஸ்பிரஷன்’ என்ற தனித் தொடர் எடுத்தார்கள். இங்கிலாந்தின் கீழ் நடுத்தர வர்க்கத்தை, அதன் விறைப்பை, மேலே ஏறிவிட வேண்டும் என்ற அதன் ஏக்கத்தை லோ தன் நிலமாக்கிக்கொண்டது இந்த ஆண்டுகளில்தான். அடுத்து வந்த பெரும் பாத்திரம் இந்த நிலத்தில்தான் விளைந்தது.

3. மேனரிங்: ஏணியில் பாதி ஏறிய மனிதன்

1940 மே 14 அன்று போர்த்துறை அமைச்சர் ஆண்டனி ஈடன் வானொலியில் ஓர் அழைப்பு விடுத்தார். ஜெர்மானியர்கள் பாராசூட்டில் இறங்கினால் எதிர்கொள்ள, படையில் சேராத 17 முதல் 65 வயது வரையிலான ஆண்கள் முன்வர வேண்டும். ஜூலை முடிவுக்குள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். அதுவே ‘ஹோம் கார்டு’ எனப்பட்ட உள்நாட்டுக் காவல் படை. தொடக்கத்தில் அவர்களிடம் துப்பாக்கியும் இல்லை, சீருடையும் இல்லை.

சிறு வயதில் அந்தப் படையில் இருந்த ஜிம்மி பெர்ரி, டேவிட் கிராஃப்டோடு சேர்ந்து எழுதிய தொடர் ‘டாட்ஸ் ஆர்மி’. பிபிசியில் 1968 ஜூலை 31 அன்று தொடங்கி 1977 நவம்பர் 13 வரை 80 பகுதிகள் வந்தன. வால்மிங்டன்-ஆன்-சீ என்ற கற்பனைக் கடற்கரை ஊரில், வங்கி மேலாளர் ஜார்ஜ் மேனரிங் தன்னைத்தானே கேப்டனாக்கிக்கொண்டு ஒரு படைப்பிரிவு அமைக்கிறார். அவர்தான் லோ. வங்கியில் அவருக்குக் கீழே பணிபுரியும் வில்சன் சார்ஜெண்டாக வருகிறார். வில்சனாக நடித்தவர் ஜான் லெ மெஸ்யூரியர்.

எழுத்தாளர்கள் செய்த நுட்பமான வேலை இங்கேதான் இருக்கிறது. படை என்றால் அதிகாரி உயர்குடியாகவும் சார்ஜெண்ட் சாதாரணக் குடும்பத்தவராகவும் இருப்பதே வழக்கம். இவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். மேனரிங் அரசுப் பள்ளியில் படித்து உழைத்து மேலே வந்தவர். வில்சன் பணக்காரப் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளியில் படித்தவர், நயமான பேச்சும் அலட்சியமான அழகும் வாய்த்தவர். அதிகாரம் மேனரிங் கையில், அந்தஸ்து வில்சன் இரத்தத்தில். படையிலுள்ள முதியவர்கள் மார்பில் பழைய போர்களின் பதக்கங்கள் தொங்குகின்றன. மேனரிங் பிரான்சுக்குப் போனதே முதல் உலகப் போர் ஓய்ந்த பிறகு, 1919-ல். அவர் மார்பு வெறுமையாகவே இருக்கிறது.

மேனரிங்கின் அதட்டலுக்கும் ஆணவத்துக்கும் அடியில் இருப்பது இந்தக் காயம். ‘ஏ. வில்சன் (மேனேஜர்)?’ என்ற 1970-ஆம் ஆண்டுப் பகுதியில் அது வெடித்து வெளியே வருகிறது. வில்சனுக்கு வேறொரு கிளையில் மேலாளர் பதவி கிடைக்கிறது. அந்த நொடியில் மேனரிங் கொட்டும் கசப்பு, எல்லாம் தானாக மடியில் வந்து விழுந்தவன் மீது ஒவ்வொரு படியாக ஏறி வந்தவன் கொள்ளும் கோபம். லோ அதைச் சிரிப்புக்காக மென்மையாக்கவில்லை. வில்சன் பதவியேற்ற முதல் நாளே அந்தக் கிளை குண்டுவீச்சில் அழிகிறது. இருவரும் பழையபடி ஒரே அறைக்குத் திரும்புகிறார்கள்.

4. சிரிப்பு பிறக்கும் இடம்

லோவின் கருவிகள் மிகச் சில. வட்டக் கண்ணாடி, சிறு மீசை, குட்டையான உருண்ட உடல், ஒவ்வோர் அசையையும் நறுக்கிப் பேசும் குரல். இவற்றை வைத்து அவர் செய்ததை இரண்டு இடங்களில் நெருங்கிப் பார்ப்போம்.

முதலாவது, அணிவகுப்பு. மேனரிங் கட்டளையிடச் சொல்கிறார். வில்சன் படையினரை நோக்கி, விருந்தாளிகளைச் சாப்பிட அழைப்பதுபோல், தயவுசெய்து வரிசையில் நிற்க முடியுமா என்ற தொனியில் பேசுகிறார். லோ உடனே கத்துவதில்லை. முதலில் உதடு இறுகுகிறது. கன்னம் சற்று உப்புகிறது. பார்வை மெல்ல வில்சன் பக்கம் திரும்பி, அங்கே நின்று, மீண்டும் படையினரிடம் வருகிறது. அந்த ஓரிரு நொடிகளில் மேனரிங் தன் கோபத்தை விழுங்குவதை நாம் பார்த்துவிடுகிறோம். சிரிப்பு வசனத்துக்கு முன்பே வந்துவிடுகிறது.

இரண்டாவது, 1973-ல் வந்த ‘தி டெட்லி அட்டாச்மென்ட்’ பகுதி. பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தலைவனும் மாலுமிகளும் மேனரிங்கின் காவலில் இருக்கிறார்கள். கப்பல் தலைவனாக வரும் ஃபிலிப் மேடக் குளிர்ந்த குரலில், போரில் வென்ற பிறகு கணக்குத் தீர்க்க ஒரு பட்டியல் வைத்திருப்பதாக மிரட்டுகிறான். படையின் இளைஞன் பைக், ஹிட்லரைக் கிண்டல் செய்து பாடுகிறான். உன் பெயர் என்ன, பட்டியலில் எழுதிக்கொள்கிறேன் என்கிறான் ஜெர்மானியன். மேனரிங் பாய்ந்து வந்து, பெயரைச் சொல்லாதே என்று தடுக்கிறார். தடுக்கிற அந்த வாக்கியத்திலேயே ‘பைக்’ என்று பெயரையும் சொல்லிவிடுகிறார்.

பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் மிகப் புகழ்பெற்ற நகைச்சுவைத் தருணங்களில் இது ஒன்று. இதை மேனரிங்கின் மடமை என்று சொல்லிக் கடந்துவிடலாம். லோ நடித்ததைக் கவனியுங்கள். அவர் குரலில் அவசரம் இருக்கிறது, அந்த அவசரத்துக்குள் அக்கறை இருக்கிறது. தன் பொறுப்பில் இருக்கும் பையனை எதிரியிடமிருந்து காக்கத் துடிக்கிற அதிகாரி ஒருவர் வாய் தவறிவிடுகிறார். களம் பேதைமைதான், ஆனால் அந்தப் பேதைமையின் வேர் பாசம். வேறொரு நடிகர் தான் செய்யப்போகும் தவறு தனக்கே தெரியும் என்பதுபோல் கண்ணில் ஒரு மினுக்கம் காட்டியிருப்பார். லோவின் கண்ணில் அது கிடையாது. மேனரிங்குக்குத் தான் நகைச்சுவைத் தொடரில் இருப்பது தெரியாது.

அதே பகுதியில், ஒருவர் காற்சட்டைக்குள் கையெறி குண்டைப் போடும் காட்சி வருகிறது. அது முதலில் மேனரிங்குக்கு எழுதப்பட்டதென்றும், லோ மறுத்ததால் கசாப்புக்கடைக்காரர் ஜோன்ஸ் பாத்திரத்துக்கு மாற்றப்பட்டதென்றும் அந்தத் தொடரில் பணியாற்றியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதை நடிகரின் முரட்டுப் பிடிவாதமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு இது கலை அறிவாகவே தெரிகிறது. காற்சட்டையில் குண்டோடு துள்ளும் மேனரிங்கைப் பார்த்து மக்கள் ஒருமுறை பெரிதாகச் சிரித்திருப்பார்கள். அதன் பின் அவர் கட்டளையிடும்போது யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

5. பெருமிதம் நிற்கும் இடம்

தொடர் தொடங்குமுன் பிபிசி உயரதிகாரிகளுக்குத் தயக்கம் இருந்தது. போர் முடிந்து கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. வீட்டுக்கு வீடு இழப்பு இருந்தது. நாடு தனித்து நின்ற நாட்களைக் கேலி செய்கிறார்கள் என்ற பழி வருமோ என்று அஞ்சினார்கள். தொடக்கக் காட்சியில் சேர்த்திருந்த போர் அகதிகளின் செய்திப்படத் துண்டுகளை நீக்கச் சொன்னார்கள். அவர்கள் அஞ்சியது நடக்கவில்லை. எழுத்தின் பங்கு பெரிது. அதற்கு இணையான பங்கு லோவுடையது என்பேன்.

மேனரிங் சிறிய விஷயங்கள் அனைத்திலும் தவறுகிறார். வரைபடத்தைத் தவறாகப் படிக்கிறார், அண்டை வீட்டாரிடம் மல்லுக்கு நிற்கிறார், கோல்ஃப் மன்றத்தில் இடம் கேட்டு அலைகிறார். பெரிய விஷயம் ஒன்றில் அவர் தவறுவதே இல்லை. ஜெர்மானியர்கள் வந்தால் இந்தத் தெருவில் நின்று சண்டையிட்டுச் சாக அவர் தயார். அதில் நடிப்பில்லை, பாசாங்கில்லை. 1969-ல் வந்த ஒரு பகுதியில், வெடிக்காத குண்டு ஒன்று வங்கியின் பெட்டகத்தில் விழுகிறது. மேனரிங்கும் வில்சனும் அதை மடியில் தாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார நேர்கிறது. அப்போதும் மேனரிங் வங்கி மேலாளராகவே பேசுகிறார், முறைமை பார்க்கிறார். நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்போடு, இவர் எழுந்து ஓடமாட்டார் என்ற உறுதியும் வருகிறது. தறுகண் என்று தொல்காப்பியர் சொன்ன களம் இதுதான்.

தொடரின் பிற நடிகர்கள் சிலருக்கு இந்தத் துணிவு வாழ்வில் கண்ட உண்மை. மென்மையான முதியவர் காட்ஃப்ரேயாக நடித்த ஆர்னால்டு ரிட்லி, முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் படுகாயமடைந்தவர். ‘பிராண்டட்’ என்ற பகுதியில், அந்தப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர் காட்ஃப்ரே என்பது தெரியவருகிறது. மேனரிங் அவரை அற்பமாக நடத்துகிறார். புகை சூழ்ந்த குடிலுக்குள் மயங்கிக் கிடக்கும் மேனரிங்கைக் காப்பாற்றுவது அதே காட்ஃப்ரே. காயம்பட்டவர்களைத் தூக்கி வரும் பணியில் சோம் களத்தில் பதக்கம் பெற்றவர் அவர் என்பது பிறகுதான் மேனரிங்குக்குத் தெரிகிறது. அதைக் கேட்கும் லோவின் முகத்தில் எல்லாக் காப்புகளும் கழன்று விழுகின்றன. தன் தவறை ஏற்கும் துணிவும் பெருமிதத்தின் ஒரு பகுதி என்பதை அந்த முகம் காட்டுகிறது.

‘மம்ஸ் ஆர்மி’ பகுதியில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். மனைவி எலிசபெத் தொடர் முழுவதும் திரையில் வருவதே இல்லை. அன்பற்ற அந்த மணவாழ்வை மேனரிங்கின் தாழ்ந்த தொலைபேசிக் குரலில் மட்டுமே அறிகிறோம். அப்படிப்பட்டவருக்கு ஃபியோனா கிரே என்ற பெண்ணிடம் நேசம் பிறக்கிறது. ஊர் பேசத் தொடங்குகிறது. அவள் ஊரைவிட்டுப் போக முடிவெடுக்கிறாள். ரயில் நிலையத்தில், யார் பார்த்தாலும் கவலையில்லை என்று மேனரிங் மன்றாடுகிறார். ஆண்டுக்கணக்கில் கட்டிக்காத்த கௌரவத்தை அவரே இறக்கி வைக்கும் இடம் அது. லோ ஒரு துளியும் மிகைப்படுத்தாமல் நடித்தார். நகைச்சுவைத் தொடர் ஒன்று சில நிமிடங்கள் சிரிப்பை நிறுத்தி வைத்தது, பார்வையாளர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த மனிதனை அவர்கள் ஏற்கெனவே மதித்திருந்தார்கள் என்பதே காரணம்.

6. மேனரிங்குக்கு வெளியே

ஒரே வேடத்தின் நடிகர் என்று லோவைச் சுருக்குவது நியாயமாகாது. 1964-ல் ராயல் கோர்ட் அரங்கில் ஜான் ஆஸ்பர்னின் ‘இன்அட்மிசிபிள் எவிடென்ஸ்’ நாடகத்தில் நடித்தார். 1974-ல் நேஷனல் தியேட்டரில் பீட்டர் ஹால் இயக்கிய ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தில், ஜான் கீல்குட் பிராஸ்பெரோவாக வர, குடிகார ஸ்டெஃபானோவாக வந்தார். குழந்தைகளுக்கு ‘மிஸ்டர் மென்’ கார்ட்டூன்களின் கதைசொல்லும் குரலாக இருந்தார்.

இயக்குநர் லிண்ட்சே ஆண்டர்சன் அவரை மீண்டும் மீண்டும் அழைத்தார். ‘இஃப்....’ படத்தில், கண்டிப்பான உறைவிடப் பள்ளியில் அதிகாரமே இல்லாத விடுதி ஆசிரியர். 1973-ல் வந்த ‘ஓ லக்கி மேன்!’ படத்தில் மூன்று வேடங்கள். அதற்காகப் பாஃப்டாவின் சிறந்த துணை நடிகர் விருது கிடைத்தது. அந்த மூன்றில் ஒன்று ஆப்பிரிக்கத் தலைவர் வேடம். முகத்தில் கருமை பூசி அதை நடித்தார். அந்நாளில் வழக்கத்தில் இருந்த அந்தச் செயலை இன்று ஏற்க முடியாது. இன்னொருவரின் பெருமிதத்தைக் காக்கும் கலையைப் பற்றிப் பேசும் நாம், அது கைவிடப்பட்ட இடத்தையும் சொல்லியாக வேண்டும்.

1975 டிசம்பரில் வந்த ‘மை பிரதர் அண்ட் ஐ’ பகுதியில் மேனரிங்காகவும் அவருடைய குடிகாரச் சகோதரர் பாரியாகவும் இரட்டை வேடம் ஏற்றார். சிவந்த மூக்கும் உரத்த சிரிப்புமாக ஊர் சுற்றும் விற்பனையாளர் பாரி. குடும்பம் பற்றி மேனரிங் கட்டியிருந்த பெருமைக் கதைகளை உடைப்பவர் அவர். ஒரே முகத்தில் இரண்டு மனிதர்களைப் பிரித்துக் காட்டியது ஒப்பனையைவிட உள்ளிருந்த வேறுபாடு. ஒருவர் மரியாதைக்காக எதையும் இழப்பார், மற்றவர் அதை என்றோ இழந்துவிட்டார்.

1982 ஏப்ரலில் பர்மிங்காமின் அலெக்சாண்ட்ரா அரங்கில் மனைவி ஜோன் கூப்பருடன் ‘ஹோம் அட் செவன்’ நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். ஒரு மாலை, காட்சி தொடங்குமுன் ஒப்பனை அறையில் சரிந்து விழுந்தார். ஏப்ரல் 15 அதிகாலையில் காலமானார். வயது 66. தொலைக்காட்சி பெரும் புகழைக் கொடுத்த பிறகும், ஊர் ஊராகப் போகும் மேடை நாடகத்தை அவர் விடவில்லை.

நண்பர்களே, நகைச்சுவை பற்றி நம்மிடையே இரண்டு தவறான நம்பிக்கைகள் உள்ளன. சிரிப்பு வேண்டுமானால் யாரையாவது சிறுமைப்படுத்த வேண்டும் என்பது ஒன்று. உருவத்தை, நிறத்தை, தொழிலை, பேச்சு வழக்கைக் கேலி செய்யும் காட்சிகள் இந்த நம்பிக்கையில் எழுதப்படுகின்றன. யாரையும் புண்படுத்தாமல் இருக்க வேண்டுமானால் சிரிப்பையே விட்டுவிட வேண்டும் என்பது மற்றொன்று. லோவின் வாழ்நாள் பணி இரண்டையும் மறுக்கிறது. மேனரிங்கின் உயரம், பருமன், கர்வம், வர்க்க ஏக்கம் எல்லாவற்றையும் பார்த்து நாம் சிரிக்கிறோம். எதுவும் மறைக்கப்படவில்லை. ஆனால் அந்த மனிதனின் உள்ளே நின்று, அவனுடைய நியாயத்தை நம்பி, அவன் கண் வழியாக உலகத்தைப் பார்க்கிற நடிகர் ஒருவர் இருந்ததால், சிரிப்பு அவனை வெளியே தள்ளவில்லை, நம்மில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டது.

நடிப்புப் பயிலும் மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நகைச்சுவைப் பாத்திரம் கிடைத்தால், எங்கே சிரிப்பார்கள் என்று முதலில் தேடாதீர்கள். இந்த மனிதன் எதற்காக உயிரையும் கொடுப்பான் என்று கேளுங்கள். அதற்கு விடை கிடைத்த பிறகு அவனை எந்தச் சங்கடத்திலும் மாட்டிவிடலாம். நடிப்புப் பள்ளிகளை நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். துன்பியல் பாத்திரத்துக்குத் தருகிற அதே உழைப்பை, அதே மாதங்களை, அதே மதிப்பெண்ணை நகைச்சுவைப் பாத்திரத்துக்கும் தாருங்கள். பெருமிதத்தோடு சேர்ந்த நகையைக் கற்றுத்தர அதற்குக் குறைந்த உழைப்பு போதாது.